கொடுக்க முடியாத அதிகாரம்: 1640களின் இங்கிலாந்தில் மத உரிமை அரசமைப்புக் கேள்வியான விதம்

1648 மே 2 அன்று இங்கிலாந்து நாடாளுமன்றம் ஓர் ஆணையை நிறைவேற்றியது. தந்தை, மகன், தூய ஆவி என்ற மூவொரு கடவுள் கொள்கையை மறுத்துப் பேசி, பேசியதைத் திரும்பப் பெறவும் மறுப்பவருக்கு மரண தண்டனை. குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பது தவறு என்று போதிப்பவருக்குப் பிணையாள் கிடைக்கும்வரை சிறை. குடிகளின் சுதந்திரத்தைக் காக்கிறோம் என்று சொல்லி 1642இல் அரசனுக்கு எதிராகப் படை திரட்டிய அதே நாடாளுமன்றம்தான் இதைச் செய்தது.

‘பியூரிட்டன்கள் மதச் சுதந்திரத்துக்காகப் போராடினார்கள்’ என்று பாடப்புத்தகத்தில் படித்தவர்கள் தடுக்கி விழும் இடம் இது. (இங்கிலாந்துச் சபையை இன்னும் தூய்மைப்படுத்த வேண்டும் என்ற தீவிரப் புராட்டஸ்டண்ட்களே பியூரிட்டன்கள்.) அந்த வாக்கியம் பாதி உண்மை. பெரும்பாலான பியூரிட்டன்கள் கேட்டது தங்கள் சபை அரசுச் சபையாக வேண்டும் என்பதைத்தான். எல்லாருக்கும் உரிமை என்ற பேச்சு வேறொரு சிறு கூட்டத்திலிருந்து வந்தது. அந்தப் பேச்சு அன்பையோ பொறுமையையோ நம்பி எழவில்லை. அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்ற கணக்கைப் போட்டுப் பார்த்ததில் கிடைத்த விடை அது.

ஒரே நாடு, ஒரே சபை: இயந்திரம் ஓடிய முறை

1640க்கு முன் இங்கிலாந்தில் பிறந்த எவரும் பிறப்பாலேயே இங்கிலாந்துச் சபையின் உறுப்பினர். நாடு ஏறத்தாழ 9,000 சேகரங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. (தென் தமிழகத்து சி.எஸ்.ஐ. வழக்கில் குருவானவரின் பொறுப்பில் உள்ள வட்டாரத்தைச் சேகரம் என்பார்கள். அந்தச் சொல்லையே இங்கும் வைத்துக்கொள்ளலாம்.) ஏழைகளுக்கு உதவி, பிறப்பு இறப்புப் பதிவு, ஒழுக்க விசாரணை என்று உள்ளூர் அரசாங்கம் செய்யும் வேலைகளில் பாதி சேகரத்தின் வழியாகத்தான் நடந்தது. அதைத் தாங்கி நின்ற தூண்கள் நான்கு.

1. கட்டாய வருகை. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்கு வராவிட்டால் 1559 சட்டப்படி 12 பென்ஸ் அபராதம். 1581இல் அது மாதத்துக்கு 20 பவுண்டாக உயர்ந்தது. கத்தோலிக்கக் குடும்பங்களை நொடிக்க வைக்கவே அந்தத் தொகை.

2. தசமபாகம். நம் ஊர் விசுவாசிகள் மனமுவந்து கொடுக்கும் காணிக்கையோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அங்கே இது சட்டப்படியான வரி. பத்தாவது கதிர்க்கட்டு, பத்தாவது ஆட்டுக்குட்டி, கம்பளி, பால், முட்டை, பழம் எல்லாவற்றிலும் பத்தில் ஒன்று. குருவானவர் பேசுவது பிடிக்கிறதா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

3. அச்சு உரிமம். பேராயர்களின் ஆட்கள் பார்த்து முத்திரை போடாமல் நூல் அச்சாகாது.

4. நீதிமன்றங்கள். மத விவகாரங்களுக்கு ‘ஹை கமிஷன்’, அரசியல் விவகாரங்களுக்கு ‘ஸ்டார் சேம்பர்’. இரண்டிலும் ஜூரி கிடையாது. என்ன குற்றச்சாட்டு என்று சொல்லாமலேயே, கேட்கப்போகும் கேள்விகளுக்கெல்லாம் உண்மையே சொல்வேன் என்று முதலில் சத்தியம் வாங்குவார்கள்.

கடைசித் தூணில்தான் ஜான் லில்பர்ன் மோதினார். ஹாலந்திலிருந்து உரிமமில்லாத நூல்களைக் கொண்டுவர உதவினார் என்று அந்த இளைஞர்மேல் வழக்கு. ஸ்டார் சேம்பரில் சத்தியம் செய்ய மறுத்தார். என் வாயாலேயே என்னை மாட்டவைக்க உங்களுக்கு உரிமை இல்லை என்பது அவர் வாதம். 500 பவுண்டு அபராதம் விதித்தார்கள். 1638 ஏப்ரல் 18 அன்று ஃப்ளீட் சிறையிலிருந்து வெஸ்ட்மின்ஸ்டர்வரை வண்டியின் பின்னால் கட்டி, முடிச்சுப் போட்ட சாட்டையால் அடித்துக்கொண்டே போனார்கள். பிறகு தண்டனைக் கட்டையில் கழுத்தை மாட்டி நிறுத்தினார்கள். அப்படி நின்றுகொண்டே கூட்டத்தைப் பார்த்துப் பேசினார், சட்டைப் பையிலிருந்த துண்டுப்பிரசுரங்களை வீசினார். வாயைக் கட்டிய பிறகுதான் பேச்சு நின்றது. இந்திய அரசமைப்பின் 20(3) பிரிவு, குற்றம் சாட்டப்பட்டவரைத் தனக்கெதிராகவே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. அந்தப் பாதுகாப்பின் வேர்களில் ஒன்று இந்த மறுப்பு.

1637இல் சார்ல்ஸ் மன்னர் ஸ்காட்லாந்தின்மீது புதிய ஜெபப் புத்தகத்தைத் திணித்தார். ஸ்காட்லாந்து எழுந்தது. படைச் செலவுக்குப் பணமில்லாமல், 11 ஆண்டுகள் கூட்டாமல் வைத்திருந்த நாடாளுமன்றத்தை 1640இல் கூட்ட வேண்டியதாயிற்று. அது 1641 ஜூலையில் ஸ்டார் சேம்பரையும் ஹை கமிஷனையும் ஒழித்தது. அச்சகங்களின் கட்டு அவிழ்ந்தது. ஜார்ஜ் தாமசன் என்ற லண்டன் புத்தக வணிகர் 1640க்கும் 1661க்கும் இடையில் வந்த வெளியீடுகளைச் சேர்த்து வைத்தார். அவரிடம் மட்டும் ஏறத்தாழ 22,000 சேர்ந்தன. 1642 ஆகஸ்டில் போர் தொடங்கியது.

யார் யார்?

பெயர்கள் குழம்பினால் மற்றது எதுவும் விளங்காது.

1. பேராயர் கட்சி: அரசன், பேராயர்கள், ஜெபப் புத்தகம். போரில் அரசன் பக்கம்.

2. பிரஸ்பிட்டேரியன்கள்: பேராயர் வேண்டாம், குருமார்களும் மூப்பர்களும் சேர்ந்த மன்றங்கள் ஆளட்டும் என்றவர்கள். ஆனால் சபை ஒன்றுதான், எல்லாரும் அதில்தான். நாடாளுமன்றத்தில் இவர்கள் கை ஓங்கியிருந்தது. 1643இல் ஸ்காட்லாந்தோடு செய்த ஒப்பந்தமும் இவர்கள் பக்கம் சாய்ந்தது. மேலே சொன்ன 1648 ஆணை இவர்கள் வேலை.

3. இண்டிபெண்டண்ட்கள்: ஒவ்வொரு சபைக் கூட்டமும் தன்னைத் தானே ஆளும் என்றவர்கள். நாடாளுமன்றப் படைத் தளபதி ஆலிவர் கிராம்வெல் இந்தப் பக்கம். ‘நல்ல’ புராட்டஸ்டண்ட்கள் பல வகையாக இருந்துவிட்டுப் போகட்டும் என்பார்கள். அதற்கு மேல் போகத் தயங்குவார்கள்.

4. பாப்டிஸ்ட்களும் மற்றப் பிரிவினரும்: வளர்ந்தவர்கள் விரும்பிச் சேர்வதே சபை, அரசுக்கு அதில் வேலையில்லை என்றவர்கள்.

5. லெவலர்கள்: இவர்கள் மதப் பிரிவு அல்ல, அரசியல் குழு. ‘சமனாக்கிகள்’ என்ற பொருள்படும் அந்தப் பெயர் எதிரிகள் வைத்தது. சொத்தைப் பிடுங்கிப் பங்கு போடுவோம் என்று இவர்கள் சொன்னதில்லை, மறுத்தே எழுதினார்கள். நிலம் பொதுவாக வேண்டும் என்றவர்கள் வேறு: 1649 ஏப்ரலில் சர்ரேயில் செயின்ட் ஜார்ஜ் குன்றைக் கொத்திப் பயிரிட்ட ஜெரார்ட் வின்ஸ்டன்லியின் ‘டிகர்’ கூட்டம். இரண்டையும் ஒன்றாக்குவது அன்றிலிருந்து நடக்கும் தவறு.

லெவலர்களின் மூன்று தலைகள் லில்பர்ன், ரிச்சர்ட் ஓவர்ட்டன், வில்லியம் வால்வின். வால்வின் துணி வணிகர், ஒரு பேராயரின் பேரன். தன் சேகர ஆலயத்தை விட்டு அவர் விலகவே இல்லை. தனக்குத் தேவைப்படாத உரிமைக்காக வாதாடியவர் என்பதால் இந்தக் கூட்டத்தில் எனக்கு மிகவும் சுவையான ஆள் அவர்தான்.

(சென்னையில் 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது ஒன்றாகச் சேர்ந்தவர்களில் ஆங்கிலிக்கன்களும் உண்டு, பிரஸ்பிட்டேரியன்களும் உண்டு, இண்டிபெண்டண்ட்களின் வாரிசுகளான காங்கிரிகேஷனல் சபையாரும் உண்டு. 300 ஆண்டுகளுக்கு முன் இவர்களின் முன்னோர் ஒருவரையொருவர் சிறைக்கு அனுப்பத் துடித்துக்கொண்டிருந்தார்கள்.)

கணக்கு: சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்

மத உரிமைக்கு அப்போது பல வாதங்கள் இருந்தன. அமெரிக்காவின் பிராவிடன்ஸ் குடியேற்றத்துக்குச் சாசனம் வாங்க லண்டன் வந்திருந்த ராஜர் வில்லியம்ஸ், வேதத்திலிருந்தே வாதிட்டார். கோதுமையும் களையும் அறுவடைவரை சேர்ந்தே வளரட்டும் என்பது இயேசுவின் உவமை. வயல் என்றால் உலகம், களையைப் பிடுங்கும் வேலை அரசாங்கத்துக்குக் கொடுக்கப்படவில்லை என்றார். யூதர், துருக்கியர், கத்தோலிக்கர், வேறு தெய்வங்களை வணங்குவோர் எல்லாருக்கும் அந்த உரிமை உண்டு என்று 1644இல் எழுதினார். அந்த நூலை எரிக்க நாடாளுமன்றத்தின் மக்கள் சபை உத்தரவிட்டது.

லெவலர்களின் வாதம் வேதத்தோடு நிற்கவில்லை. பிரித்துப் போட்டால் இப்படி வரும்:

1. பிறப்பால் எவருக்கும் எவர்மேலும் அதிகாரம் இல்லை. ஒவ்வொருவரும் தனக்குத் தானே உடைமை. 1646இல் நியூகேட் சிறையிலிருந்து ஓவர்ட்டன் எழுதியதன் சாரம் இது.

2. ஆகவே அரசாங்கத்திடம் இருக்கும் அதிகாரமெல்லாம் மக்கள் ஒப்படைத்தது.

3. தன்னிடம் இல்லாததை எவரும் ஒப்படைக்க முடியாது.

4. தன் நம்பிக்கையின்மேல் மனிதனுக்கே அதிகாரம் இல்லை. நாளைக்கு நீ எதை நம்பச் சொல்கிறாயோ அதை நம்புகிறேன் என்று இன்றைக்கு ஒருவன் எழுதிக் கொடுக்க முடியாது. எழுதிக் கொடுத்தாலும் அவன் மனம் அதன்படி நடக்காது.

5. ஆகவே நாடாளுமன்றத்திடம் அந்த அதிகாரம் இல்லை. பெரும்பான்மையோடு சட்டம் போட்டாலும் இல்லை.

நான்காவது படிதான் நெம்புகோல். இந்த வாதத்தில் மாற்று மதம் உண்மையா பொய்யா என்ற கேள்வியே எழவில்லை. ‘பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்று யாரிடமும் கெஞ்சவும் இல்லை. பொறுத்துக்கொள்பவரிடம் தடுக்கும் உரிமையும் இருக்கிறது என்று அர்த்தமாகிவிடும். அந்த உரிமையே உங்களிடம் வந்து சேரவில்லை என்கிறது இது. இங்கே மன்னரும் நாடாளுமன்றமும் ஒரே தட்டில். நாடாளுமன்றத்துக்குக் கோபம் வந்ததில் வியப்பில்லை.

எதிர்த்தரப்பை வெறும் வெறியர்கள் என்று தள்ளிவிட்டால் பாதிக் கதை போய்விடும். தாமஸ் எட்வர்ட்ஸ் என்ற பிரஸ்பிட்டேரியன் போதகர் 1646இல் பிரிவினரின் ‘பிழைகளை’ எண் போட்டுப் பட்டியலிட்டார். முதல் தொகுதியிலேயே 176. அவர் பக்கத்தின் தர்க்கம் எளிமையானது: உடலைக் கொல்பவனைத் தூக்கிலிடுகிறோம், ஆன்மாவைக் கொல்பவனை விட்டுவிடுவதா? சத்தியத்தைக் காத்துக்கொண்டுதான் நாட்டில் ஒழுங்கு நிற்கிறது, சேகரம் கலைந்தால் ஏழைக்கு யார் சோறு போடுவது? சேகரமே உள்ளூர் அரசாங்கமாக இருந்த நாட்டில் இது வெறும் பயமுறுத்தல் அல்ல.

சம்பளப் பாக்கி எப்படி அரசமைப்பு ஆனது

லண்டன் துண்டுப்பிரசுர வாதம் படைக்குள் போன கதையில் பணம்தான் முதல் பாத்திரம். 1645இல் நாடாளுமன்றம் உருவாக்கிய புதிய மாதிரிப் படையின் திட்ட பலம் 22,000 பேர். ஜூன் 14 அன்று நேஸ்பியில் மன்னரின் முதன்மைப் படையை அது முறித்தது. போர் முடிந்ததும், 1647 வசந்தத்தில், அதைக் கலைத்து ஒரு பகுதியை அயர்லாந்துக்கு அனுப்ப நாடாளுமன்றம் முடிவெடுத்தது. அப்போது குதிரைப்படைக்கு 43 வாரச் சம்பளம் பாக்கி, காலாட்படைக்கு 18 வாரம். கொடுக்க முன்வந்தது 6 வாரம், பிறகு 8 வாரம். இன்னொரு பயமும் இருந்தது. போரில் மேலதிகாரி சொல்லி யாருடைய குதிரையையாவது எடுத்திருப்பான் சிப்பாய். படை கலைந்து ஊர் திரும்பினால் குதிரைத் திருட்டு வழக்கு, அதற்குத் தூக்கு. ஆகவே சட்டப் பாதுகாப்பு கேட்டார்கள். மனு கொடுத்தவர்களை நாட்டின் எதிரிகள் என்றது நாடாளுமன்றம்.

படைப்பிரிவுகள் தங்கள் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தன. அவர்களை ‘அஜிட்டேட்டர்’ என்றார்கள். அந்தக் கையோடு லெவலர் எண்ணங்களும் உள்ளே வந்தன. 1647 அக்டோபர் 28 முதல் லண்டனுக்கு வெளியே பட்னியில், தேம்ஸ் கரை ஆலயத்தில், படைத் தளபதிகளும் சிப்பாய்ப் பிரதிநிதிகளும் உட்கார்ந்து விவாதித்தார்கள். முன்னால் இருந்தது ‘மக்களின் உடன்படிக்கை’ என்ற சிறு ஆவணம். இருப்பது போதும், 1648 செப்டம்பரோடு இந்த நாடாளுமன்றம் கலையட்டும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தேர்தல். மக்கள்தொகைக்கு ஏற்பத் தொகுதிகள். அதன் பிறகுதான் புதுமை வருகிறது. எந்த நாடாளுமன்றமும் தொடக் கூடாத ஐந்து:

1. மதமும் வழிபாட்டு முறையும். கட்டாயமில்லாத பொதுப் போதனை ஏற்பாடு மட்டும் அரசின் விருப்பம்.

2. எவரையும் கட்டாயமாகப் படையில் சேர்ப்பது.

3. போர்க்காலத்தில் சொன்னதற்கும் செய்ததற்கும் பிறகு விசாரிப்பது.

4. பதவி, சொத்து, பிறப்பு பார்த்துச் சட்டத்திலிருந்து விலக்கு அளிப்பது.

5. மக்களின் நலனை அழிக்கும் சட்டம் போடுவது.

மூன்றாவது, அந்தக் குதிரை வழக்குப் பயமேதான். முதலாவது, மேலே பார்த்த லெவலர் கணக்கின் ஐந்தாம் படி. நாடாளுமன்றத்துக்கும் மேலே எழுத்தில் ஓர் எல்லை என்ற எண்ணம், மத உரிமை வாதத்திலிருந்து இப்படித்தான் அரசியலுக்குள் நகர்ந்தது.

பட்னியில் பெரிதாக வெடித்தது வாக்குரிமைச் சண்டை. ஆண்டுக்கு 40 ஷில்லிங் வருமானம் தரும் சொந்த நிலம் இருந்தால்தான் கிராமப்புற மாவட்டங்களில் வாக்கு. 15ஆம் நூற்றாண்டு விதி அது. இங்கிலாந்தின் பரம ஏழைக்கும் பெரிய மனிதரைப் போலவே வாழ ஒரு வாழ்க்கை இருக்கிறது, தன் குரல் சேராத அரசாங்கத்துக்கு அவன் கட்டுப்பட்டவனல்லன் என்றார் கர்னல் தாமஸ் ரெயின்ஸ்பரோ. கிராம்வெல்லின் மருமகன் ஹென்றி அயர்ட்டன் விட்டுக்கொடுக்கவில்லை. பிறந்ததாலேயே உரிமை என்று ஆரம்பித்தால் நாளைக்கு என் நிலத்தின்மேலும் அதே உரிமையைக் கேட்பார்கள் என்றார். வேலைக்காரர்களையும் பிச்சைக்காரர்களையும் விலக்கிவிடலாம் என்ற அளவுக்கு லெவலர் தரப்பிலும் சிலர் இறங்கி வந்தார்கள். பெண்களின் வாக்கு பேச்சிலேயே இல்லை. வில்லியம் கிளார்க் என்பவர் சுருக்கெழுத்தில் குறித்துவைத்திருக்காவிட்டால் இதில் எதுவும் நமக்குக் கிடைத்திருக்காது. ஆக்ஸ்ஃபோர்டின் வூஸ்டர் கல்லூரியில் கிடந்த அந்தக் குறிப்புகள் 1891இல்தான் அச்சேறின.

எங்கே உடைந்தது

போரில் தோற்றுப் படையின் காவலில் இருந்த மன்னர் நவம்பர் 11 அன்று தப்பினார். நான்கு நாள் கழித்து வேர் என்ற ஊர்ப்பக்கம் நடந்த படை அணிவகுப்பில் சிலர் ‘உடன்படிக்கை’யைத் தொப்பியில் செருகிக்கொண்டு வந்தார்கள். மூவருக்கு மரண தண்டனை விதித்து, சீட்டுப் போட்டு, ரிச்சர்ட் ஆர்னல்ட் என்ற சிப்பாயை அங்கேயே சுட்டார்கள். 1648இல் இரண்டாம் போர், டிசம்பரில் தனக்கு ஆகாத உறுப்பினர்களை வெளியேற்றிப் படை நாடாளுமன்றத்தை வடிகட்டியது, 1649 ஜனவரி 30 அன்று மன்னரின் தலை போனது. இந்த வேகத்தில் மத உரிமை உடைந்த இடங்கள் மூன்று.

1. லண்டன் வைட்ஹால் அரண்மனை, 1648 டிசம்பர் 14. படை அதிகாரிகள் உடன்படிக்கையைத் திருத்த உட்கார்ந்தபோது அயர்ட்டன் ஒரு கோடு கிழித்தார். நம்பும்படி கட்டாயப்படுத்துவது வேறு, தவறானதை வெளியே செய்யாமல் தடுப்பது வேறு. முதலாவது முடியாது, இரண்டாவது முடியும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘தவறானது’ எது என்று தீர்மானிக்கும் வேலை மறுபடி அரசாங்கத்தின் கைக்குப் போய்விட்டது. அதிகாரிகளின் திருத்தப் பிரதியில் கத்தோலிக்கத்துக்கும் பேராயர் முறைக்கும் உத்தரவாதம் இல்லை. லெவலர்களும் முழுச் சுத்தம் இல்லை. 1649 மே 1 அன்று சிறையிலிருந்து அவர்கள் வெளியிட்ட இறுதிப் பிரதி, போப்பின் மேலதிகாரத்தை ஏற்பவர்களைப் பதவியிலிருந்து விலக்கியது.

2. துப்பாக்கியைத் தவிர வேறு காவல் இல்லை. எல்லைகளை எழுதியாயிற்று, மீறினால் யார் கேட்பது? நீதிமன்றமா, வாக்காளரா? படைதான். படைத்தலைமை திரும்பிக்கொண்டபோது திட்டமும் விழுந்தது. 1649 மே மாதம் கலகம் செய்த பிரிவுகளைப் பர்ஃபர்டில் இரவில் வளைத்து, 300க்கும் மேற்பட்டவர்களை ஊர் ஆலயத்தில் அடைத்தார்கள். 17ஆம் தேதி ஆலய வளாகத்தில் மூவரைச் சுட்டார்கள். உள்ளே இருந்த ஒருவன் ஞானஸ்நானத் தொட்டியின் ஈயத் தகட்டில் தன் பெயரைக் கீறினான்: ‘ஆண்டனி செட்லி, 1649, கைதி’. கைதி என்ற சொல்லில் எழுத்துப்பிழை. இன்றும் போனால் பார்க்கலாம்.

3. தசமபாகம். மனச்சாட்சிக்கு விடுதலை என்று எழுதிவிட்டு, நம்பாத சபையின் குருவானவருக்குப் பத்தில் ஒன்று கொடு என்றால் என்ன அர்த்தம்? 1647 மார்ச் மனுவிலேயே அதை ஒழிக்கக் கேட்டார்கள். அந்த மனுவைத் தூக்குப் போடுபவன் கையால் எரிக்கச் சொன்னது நாடாளுமன்றம். சிக்கல் எங்கே என்றால், 16ஆம் நூற்றாண்டில் எட்டாம் ஹென்றி மன்னர் துறவிகளின் மடங்களைக் கலைத்த பிறகு மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட சேகரங்களில் தசமபாகம் வாங்கும் உரிமை நிலவுடைமையாளர்களின் சொத்தாகிவிட்டிருந்தது. விற்கலாம், வாங்கலாம், மகளுக்குச் சீராகக் கொடுக்கலாம். ஒழித்தால் அடிமடியில் கை. பட்னியில் அயர்ட்டன் பயந்தது இங்கே வந்து நின்றது. 1653 டிசம்பர் 10 அன்று, படை பொறுக்கியெடுத்த நியமன நாடாளுமன்றத்தில், தசமபாக உரிமையைக் காக்கச் சொன்ன குழு அறிக்கையின் முதல் பகுதி 56க்கு 54 என்று தோற்றது. அடுத்து தசமபாகமே போய்விடும் என்று பயந்துபோன மிதவாதிகள் இரண்டு நாளில் அதிகாரத்தைக் கிராம்வெல்லிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள்.

மிஞ்சியது

கிராம்வெல் காலத்தில் நிலைமை கலவை. 1650 செப்டம்பரில் சேகர ஆலயக் கட்டாய வருகைச் சட்டங்கள் நீங்கின. ஆனால் ஞாயிறன்று ஏதாவது ஒரு வழிபாட்டுக்குப் போக வேண்டும். 1290இல் துரத்தப்பட்ட யூதர்கள் 1656 வாக்கில் வெளிப்படையாக வழிபட முடிந்தது, சட்டம் எதுவும் இல்லாமலேயே. அயர்லாந்துக் கத்தோலிக்கர்களுக்கு எதுவும் இல்லை. அதே 1656இல் குருமார் இல்லாமல் கூடி வழிபடும் குவேக்கர் பிரிவைச் சேர்ந்த ஜேம்ஸ் நேலர், இயேசு எருசலேமுக்குள் போனதுபோலப் பிரிஸ்டலுக்குள் குதிரையில் போனார். கொல்ல வேண்டாம் என்று நாடாளுமன்றம் 96க்கு 82 என்று முடிவெடுத்தது. பதிலாக 310 சாட்டையடி, நாக்கில் பழுக்கக் காய்ச்சிய கம்பி, நெற்றியில் சூடு.

1660இல் மன்னராட்சி திரும்பியதும், ஒழிக்கப்பட்ட அந்த இரண்டு நீதிமன்றங்கள் தவிர, பழைய இயந்திரம் திரும்ப ஓடியது. 1689இல் வந்த சகிப்புச் சட்டம், கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை. பழைய தண்டனைச் சட்டங்கள் அப்படியே நிற்கும். சத்தியப் பிரமாணம் எடுத்து, பெரும்பாலான சபைக் கோட்பாடுகளை ஏற்றுக்கொள்ளும் புராட்டஸ்டண்ட்களுக்கு மட்டும் அவற்றிலிருந்து விலக்கு. கூடும் இடத்தைப் பதிவு செய்ய வேண்டும், கூடியிருக்கும்போது கதவைப் பூட்டவோ தாழிடவோ கூடாது. மூவொரு கொள்கையை மறுப்பவருக்கு விலக்கு 1813இல் வந்தது. கத்தோலிக்கர் நாடாளுமன்றத்தில் உட்கார 1829 ஆயிற்று.

தசமபாகத்தை 1689 சகிப்புச் சட்டம் தொடவில்லை. விலக்குப் பெற்றவரும் கட்டியாக வேண்டும் என்று அதிலேயே எழுதியிருந்தது. கட்ட மறுத்த குவேக்கர்களின் வீட்டிலிருந்து மாடும் பாத்திரமும் ஜப்தியாகிக்கொண்டே இருந்தன. தசமபாகக் கட்டணத்தை ஒழித்த சட்டம் 1936இல்தான் வந்தது. அதற்குப் பதிலாக நில உடைமையாளர்கள் அரசுக்குக் கட்டிவந்த ஆண்டுத் தொகை நின்றது 1977இல்.